நியூஸ் பாப்பா

"டீச்சர், ஒரு சிறிய இடைவேளை!"

வேறொன்றுமில்லை, பாத்ரூம் போக வேண்டுமாம். கையை உயர்த்திச் சொல்லிவிட்டு ஓடியது குழந்தை. மற்ற வாண்டுகள் வழக்கம்போல விழுந்து விழுந்து சிரித்தன.

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. எப்போதடா மணி அடிக்கும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அந்த நாலு வயதுக் குழந்தைக்கு 'நியூஸ் பாப்பா' என்று பெயர் விழுந்துவிட்டது. யாராவது அவள் பென்சிலை எடுத்தால், "இவன் என் பென்சிலைக் கைப்பற்றிவிட்டான்!" என்பாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால், "இதை உங்களுக்கு வழங்குபவர், அம்மா!" சாயங்காலம் வேனில் ஏறும்போது, "மீண்டும் நாளை சந்திப்போம், வணக்கம்!"

ஒரு வார்த்தை வீட்டுப் பேச்சாக வராது. எல்லாம் டி.வி. பேச்சு.

"அவங்க புதுசாக் குடிவந்த வீட்டுக்குப் பக்கத்துலதான் டீச்சர் நான் இருக்கேன்" என்றாள் ஆயாம்மா, பிள்ளைகள் கொட்டிய தண்ணீரைத் துடைத்தபடி. "விடிஞ்சதும் போடுற டி.வி., படுக்குற வரைக்கும் அலறுது. தெருவே அதிருது. சத்தத்தக் குறைங்கன்னு சொல்லப் போனா, எவ்வளவு தட்டினாலும் கதவு திறக்காது."

"அம்மாக்காரி எப்படி?"

"சரியான தலைக்கனம்! நேருக்கு நேர் பாத்தா ஒரு சிரிப்பு. அதோட சரி. பின்னாலருந்து தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டா, மகாராணி."

அந்த அனுபவம் டீச்சருக்கும் உண்டு. போன் பண்ணினால் எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் மட்டும் பதில் வரும். பள்ளியில் சேர்க்க வந்ததுகூடக் குழந்தையின் சித்தப்பாதான். பெற்றவளுக்கு அதற்குக்கூட நேரமில்லை போலிருக்கிறது.

டி.வி.யைப் போட்டு அதன் முன்னால் குழந்தையைத் தள்ளிவிட்டால் தொல்லை விட்டது என்று நினைக்கிறவளாக இருக்கும். டீச்சரின் பையனுக்கும் கையில் மொபைல் இருந்தால்தான் சோறு இறங்கும். ஆனால் அது வேறு விஷயம். நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிவிட்டுப் போகிறவள் வேறு என்னதான் செய்வாள்?

பெரிய டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இந்தப் பேச்சோட அடுத்த வகுப்புக்கு அனுப்ப முடியாது. அம்மாவ வரச் சொல்லுங்க. டி.வி.யை அடியோட நிறுத்தணும். முடியாதுன்னா வேற பள்ளிக்கூடம் பாத்துக்கட்டும்."

அன்று சாயங்காலமே அம்மா வந்தாள். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். வேலை முடிந்து நேராக வந்திருக்க வேண்டும், முகத்தில் வேர்வைகூடக் காயவில்லை. பிள்ளைகள் போன பிறகு வகுப்பில் குட்டி நாற்காலிகள்தான் இருந்தன. டீச்சர் ஒன்றைக் கைகாட்டினாள். அம்மா சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். குழந்தை ஓடிவந்து அவளை ஒட்டி நின்றது.

"சுத்தி வளைக்காமச் சொல்றேன்மா. உங்க பொண்ணு பேசுறது குழந்தை பேசுற மாதிரியே இல்ல. டி.வி. பேசுற மாதிரி இருக்கு."

குழந்தை இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தது.

"எந்நேரமும் டி.வி. ஓடுதாமே? சின்னக் குழந்தைய வச்சுக்கிட்டு இப்படியா செய்வாங்க?"

குழந்தையின் விரல்கள் இன்னும் வேகமாக ஆடின. டீச்சருக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"ஏய், பெரியவங்க பேசும்போது என்ன சேட்டை? கையக் கட்டிக்கிட்டு நில்லு!"

குழந்தை சட்டென்று கையைக் கட்டிக்கொண்டது.

"பெத்தா மட்டும் போதாதும்மா. பக்கத்துல உக்காந்து நாலு வார்த்தை பேசணும். நம்ம வாயப் பாத்துத்தான் அதுங்க பேச்சுக் கத்துக்கும். நீங்க என்னடான்னா, டி.வி. தலையில கட்டிட்டு நிம்மதியா இருக்கீங்க. இன்னைக்கே அதை நிறுத்துங்க. இல்லன்னா இங்க இடம் இல்லன்னு பெரிய டீச்சர் சொல்லிட்டாங்க."

அம்மா டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது.

"நான் இவ்வளவு பேசுறேன். ஒரு வார்த்தை பதில் சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

அம்மா குழந்தையின் தோளைத் தொட்டாள். குழந்தை கட்டிய கையோடு டீச்சரை நிமிர்ந்து பார்த்தது.

"டீச்சர், நான் கையை எடுக்கலாமா?"

"எதுக்கு?"

"நீங்கள் சொன்னதை அம்மாவிடம் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் காது கேட்காது. அப்பாவுக்கும்தான்."

டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. தலையை மட்டும் ஆட்டினாள்.

பிஞ்சு விரல்கள் பரபரவென்று ஓடின. டீச்சர் திட்டியதை ஒன்றுவிடாமல் சொன்னது போலிருக்கிறது. அம்மாவின் கண்கள் கலங்கின. பதிலுக்கு அவள் விரல்கள் மெதுவாக அசைந்தன.

"தொலைக்காட்சியை இன்றே நிறுத்திவிடுகிறேன் என்று அம்மா சொல்கிறார்."

அம்மா அத்தோடு விடவில்லை. தயங்கித் தயங்கி மறுபடியும் கையை அசைத்தாள். குழந்தை அதைக் கவனமாகப் பார்த்து முடித்துவிட்டு டீச்சர் பக்கம் திரும்பியது.

"எங்கள் வீட்டில் பேசத் தெரிந்தது அது ஒன்றுதானாம். இனிமேல் எனக்குப் பேச யார் சொல்லித் தருவார்கள் என்று அம்மா கேட்கிறார்."