நயாகராவுக்கு வந்த இருட்டு

எழுபதுகளின் டொராண்டோவில் சுந்தரராஜன் வீட்டுக்கு டிஃபனுக்குப் போனால் நயாகரா ஸ்லைடுகளைப் பார்க்காமல் எழுந்து வர முடியாது. பாலகிருஷ்ணன் தம்பதிக்கு இது மூன்றாவது தடவை.

முதல் ஸ்லைடு திரையில் விழுந்த கையோடு புரொஜக்டர் நின்றது. ஹால் விளக்கும் எரியவில்லை. பெண்கள் காபி போட்டுக்கொண்டிருந்த சமையலறையில் மட்டும் வெளிச்சம் ஜம்மென்று இருந்தது.

"பாதி வீட்டுக்குக் கரண்ட் இருக்கு, பாதிக்கு இல்லை. இதென்ன கூத்து? பாலகிருஷ்ணன், நீங்க எலக்ட்ரிகல் இன்ஜினியராச்சே, கொஞ்சம் பாருங்களேன்."

பாலகிருஷ்ணன் பேஸ்மென்டுக்கு இறங்கி ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். ஒரு ஃபியூஸ் இருந்த இடம் காலி.

சுந்தரராஜனின் மனைவி அம்புஜத்தை மனசுக்குள் கும்பிட்டபடி மேலே வந்தார்.

"சுவருக்குள்ளே வயர்ல ஏதோ கோளாறு ஸார். நாளைக்கு வந்து சரிபண்றேன்."

சுந்தரராஜன் முகம் தொங்கிப்போயிற்று. மற்றவர்கள் சமையலறையில் கூடி, போண்டாவும் காபியுமாக வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

திரும்பும்போது காரில் பாலகிருஷ்ணனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"அம்புஜம் மாமி பலே ஆள், வேதா. ஃபியூஸையே கழற்றி ஒளிச்சு வெச்சுட்டா."

வேதவல்லி கைப்பையைத் திறந்து ஃபியூஸை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"பாவம், மாமியை ஏன் சொல்றேள்? அவ டார்ச்தான் பிடிச்சா."