ஒருத்தர் காலுக்கும் ஆகாதது

செருப்புக் குவியலுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பட்டுப்புடவையின் தலைப்பு யாருடைய செருப்பின் மேலோ கிடந்தது.

படிக்கட்டு முழுக்கச் செருப்பு. புதுவீட்டு விசேஷத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் மேலே பந்தியில் இருந்தார்கள்.

மகள் நித்திலாவின் ஷூவை மட்டும் காணோம்.

சிவப்பு. ஒட்டுப்பட்டை வைத்தது. பத்தடி தள்ளி நின்றாலும் கண்ணில் படும்.

"அதைய எவன் எடுக்கப்போறான்? ஒருத்தர் காலுக்கும் ஆகாது," என்றான் கணவன்.

கோயிலிலும் இதையேதான் சொல்வான். தன் தோல் செருப்பை மட்டும் டோக்கன் வாங்கி உள்ளே கொடுப்பான். மகளின் ஷூ வெளியே கிடக்கும். அதுக்கு அதுவே பூட்டு என்பான்.

பாயசம் ஆறிவிடும் என்று மேலே போய்விட்டான்.

அவன் சொன்னதில் பொய்யில்லை. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளின் பாதம் குட்டையாக, அகலமாக, தட்டையாக இருக்கும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே நல்ல இடைவெளி. அங்கே ஆட்டோ நிறுத்தலாம் என்பான் கணவன். நித்திலா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

கடைக்காரர்கள் சிரிக்கவில்லை. நீளம் சரியாக இருந்தால் கால் நுழையாது. கால் நுழைந்தால் முன்னால் பாதி ஷூ காலி. அதை மாட்டிக்கொண்டு நடந்தால் ஷூ முதலில் போகும், நித்திலா பிறகு போவாள்.

கடைசியில் ஆம்பூரில் அளவு கொடுத்துச் செய்ததுதான் இந்தச் சிவப்பு ஷூ. அதைப் போட்ட பிறகுதான் தடுக்காமல் நடக்கிறாள். அது இல்லையென்றால் கணுக்கால் உள்பக்கமாகச் சாயும். நாலடி வைத்ததும் நடுரோட்டில் சம்மணம் போட்டுவிடுவாள். தூக்கவும் விடமாட்டாள்.

மறுபடி ஆம்பூர். மறுபடி அளவு. மறுபடி மாசக்கணக்கில் காத்திருப்பு.

அழுகை வந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

எடுத்தவன் கையில் கிடைக்கட்டும்.

"திருடன்," என்றாள் நித்திலா, வாயில் லட்டோடு. அவளுக்கு ஒரே சந்தோஷம்.

கீழ்ப்படியில் ஒரு ஜோடி நீல ஷூ தனியாகக் கிடந்தது. சின்னப்பிள்ளை ஷூதான். ஆனால் நீளம். எடுத்துப் பார்த்தாள்.

முன்பக்கம் கெட்டியாக இருந்தது. விரலை உள்ளே விட்டாள்.

செய்தித்தாள். நன்றாக அமுக்கித் திணித்திருந்தது.

அவளும் திணித்திருக்கிறாள். செய்தித்தாள், பஞ்சு, ஒருமுறை கணவனின் பழைய சாக்ஸ்.

கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

திருடனைப் பிடிக்கப் போகிறோம் என்றதும் நித்திலா தூக்க விட்டாள்.

கீழே கார் நிறுத்துமிடத்தில் சிவப்பு ஷூ ஒரு காரைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு பையன். நித்திலாவுக்கு அண்ணன் என்றால் யாரும் நம்புவார்கள். பின்னால் பாயச டம்ளரோடு அவன் அம்மா.

"தப்பா நெனச்சுக்காதீங்க. அவனா மாட்டிக்கிட்டானுங்க. கால்ல எதையுமே போட மாட்டான். இப்பக் கழட்ட மாட்டேங்கறான்."

நித்திலாவை இறக்கிவிட்டுப் பையனின் முன்னால் மண்டியிட்டாள். கழற்றத்தான் கையை வைத்தாள். கட்டைவிரல் தானாகப் போய் ஷூவின் நுனியை அமுக்கிப் பார்த்தது. ஒவ்வொரு கடையிலும் செய்து பழகிய விரல்.

காலைப் பிடிக்கவும் இல்லை. காலியும் இல்லை.

"இது எங்கங்க வாங்குனீங்க?" என்றாள் அந்த அம்மா, மெதுவாக.

அவள் இன்னும் ஷூவின் நுனியையே அமுக்கிக்கொண்டிருந்தாள்.

நித்திலா தரையில் உட்கார்ந்து பையனின் காலைப் பிடித்து இழுத்தாள். அவனும் உட்கார்ந்தான். டர்ரென்று ஒட்டுப்பட்டையைப் பிரித்தாள். அம்மாவுக்குக் கொடுக்காத காலை அவளுக்குக் கொடுத்தான்.

ஷூ வந்தது. பாதம் வெளியே வந்தது.

நித்திலா குனிந்து விரல்களுக்கு நடுவே பார்த்தாள்.

"ஆட்டோ!"

பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் சிரித்தான். அந்த ஒற்றை ஷூவை நித்திலா தன் காலில் மாட்டிக்கொண்டாள். மற்றது அவனிடமே இருந்தது. ஆளுக்கு ஒன்றோடு காரைச் சுற்றக் கிளம்பினார்கள்.

"ஆம்பூருங்க. நம்பர் தர்றேன்," என்றாள் அவள்.

படியிலிருந்து கணவன் இறங்கி வந்தான். வெறுங்கால்.

"என் செருப்பக் காணோம்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடுகிற கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எல்லார் காலுக்கும் ஆகுமுங்க," என்றாள்.