பரணில் ஒரு லைட்

செவந்தி ஸ்டூலில் ஏறிப் பரணுக்குள் தலையை நீட்டினாள். நீட்டியதுமே லைட் எரிந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சுவிட்ச் கிடையாது, ஒயர் கிடையாது. சோப்பு டப்பா அளவுக்கு ஒரு சாமான். பேட்டரியில் ஓடுகிறது. ஆள் அசைந்தால் எரிகிறது, அசையாவிட்டால் தானே அணைந்துவிடுகிறது. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் மலிவாகக் கிடைத்தது என்று அவள் புருஷன் ராசு வாங்கி வந்து நேற்றுத்தான் ஒட்டியிருந்தான்.

இந்த வெளிச்சத்துக்காக அவள் எத்தனை காலம் மல்லுக்கு நின்றாள்!

அடுப்படிப் பரண், கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே இருட்டுதான். எலக்ட்ரீசியனைக் கேட்டதற்கு, சுவரை வெட்டிப் பைப் பதிக்க வேண்டும் என்று ஒரு தொகை சொன்னான். ராசு அவனுக்கு ஒரு டீயைக் கொடுத்து அனுப்பிவிட்டான். ஹாலிலிருந்து ஒயர் இழுத்து ஒரு பல்பைத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். எலி கடித்து வைத்தது. சார்ஜ் பல்பு வாங்கினார்கள். அதற்குச் சார்ஜ் போட யாருக்கு ஞாபகம் இருந்தது?

கடைசியில் எப்போதும்போல ராசுதான் கீழே நின்று டார்ச் பிடிப்பான். அங்கிட்டு அடிங்க என்றால் இங்கிட்டு அடிப்பான். அவள் திட்டினால் வேண்டுமென்றே அவள் மூஞ்சியில் அடிப்பான்.

அவன் குவைத்தில் இருந்த காலத்தில் அதற்கும் ஆளில்லை. செல்லை வாயில் கவ்விக்கொண்டு ஏறுவாள். ஒருமுறை கால் தவறி விழுந்து, கையில் மாவுக்கட்டோடு கிடந்தாள். பெண்டாட்டியின் கட்டுப் போட்ட கையை அந்த மனுஷன் வீடியோ காலில்தான் பார்த்தான்.

அதனால்தான், அவன் ஊர் திரும்பியதும் செவந்தி நேராக மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துப் போனாள். இனிக் கடல் தாண்டுவதில்லை என்று ராசு எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தான்.

அன்று சாயங்காலமே, குவைத்துக்குக் கொண்டுபோய் வந்த நீலப் பெட்டியைப் பரணின் மூலையில் தள்ளினான். செவந்தி அதோடு விடுவாளா? பழைய சேலை, கம்பளி, மகளின் தொட்டில் துணி என்று கண்டதையும் அதில் திணித்தாள். இனி இதற்கு இதுதான் வேலை என்று ஜிப்பை இழுத்து மூடினாள். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

தோட்டத்து மல்லிகைக்கு விலை விழும்போதெல்லாம், மறுபடி கிளம்பிவிடுவானோ என்று பயப்படுவாள். ஆனால் ராசு வெளிநாட்டுப் பேச்சையே எடுத்ததில்லை.

எடுக்காதது மட்டுமா? இந்த ஒரு மாதமாக வீட்டின்மேல் அப்படி ஒரு அக்கறை. தோட்டத்து மோட்டாரை வீட்டில் இருந்தபடியே செல்லில் போடவும் நிறுத்தவும் பெட்டி வைத்தான். வேண்டவே வேண்டாம் என்றவளுக்கு ஸ்கூட்டி பழக்கி, கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்குத் தனியாக அனுப்பினான். அவர் என்ன இப்போது புது மாப்பிள்ளை மாதிரி நடக்கிறார் என்று பக்கத்து வீட்டுத் திலகவதிகூடக் கேட்டாள். கண் வைக்கிறாளே என்று உள்ளுக்குள் பயந்தாலும் செவந்திக்குப் பெருமை தாங்கவில்லை.

நேற்று லைட்டை ஒட்டிவிட்டு இறங்கும்போது ராசு சொன்னான்:

"இனிமே டார்ச் பிடிக்க ஆளே வேணாம் ஒனக்கு."

சொன்னவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலையில், மோட்டாருக்குச் சாமான் வாங்க வேண்டும் என்று திருச்சிக்கு பஸ் ஏறினான். ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்றான். வருகிறவனுக்கு முறுக்கு சுட்டு வைக்கலாம் என்றுதான் இப்போது முறுக்குப் பிழிகிற உழக்கைத் தேடி ஏறியிருக்கிறாள். கேட்டதை வாங்கித் தந்தவனுக்கு வேறு என்ன செய்வது?

முறுக்கு உழக்கு முன்னாலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கலாம். ஆனால் வெளிச்சம் மூலை வரைக்கும் போயிற்று. இத்தனை வருஷத்தில் அந்த மூலையை அவள் சரியாகப் பார்த்ததே இல்லை. ஆசைக்கு எட்டிப் பார்த்தாள்.

மூலையில் ஒரு உரச்சாக்கு இருந்தது. இழுத்துப் பிரித்தாள்.

பழைய சேலை. கம்பளி. மகளின் தொட்டில் துணி. எல்லாம் ஓரம் பிசகாமல் மடித்திருந்தது. செவந்தி இப்படி மடிக்கிறவள் இல்லை. ராசுதான் மடிப்பான், குவைத்தில் பழகிய பழக்கம்.

சாக்குக்குப் பக்கத்தில், கனத்த தூசிக்கு நடுவே, ஒரு பெட்டி அளவுக்குத் தரை சுத்தமாக இருந்தது.

காலையில் அவன் ஒரு மஞ்சப்பையோடுதான் போனான். பெட்டியை எப்போது இறக்கினான், எவன் வீட்டில் கொண்டுபோய் வைத்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை. மஞ்சப்பையில் வழிக்கு இட்லி கட்டி வைத்தது மட்டும் தெரியும். அவள் கையாலேயே கட்டினாள்.

ஸ்கூட்டியாம், மோட்டார் பெட்டியாம். புது மாப்பிள்ளையாம்!

சொல்லியிருந்தால் அழுதிருப்பாள். காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றிருப்பாள். அதற்குக்கூட வழி விடாமல் செய்துவிட்டானே பாவி.

இடுப்பில் செருகியிருந்த செல்லை எடுத்து அவனுக்கு அடித்தாள். ரிங் முடியப் போகும்போது எடுத்தான். பின்னால் ஒரு பெண் குரல், தமிழிலும் இங்கிலீஷிலும் விமானத்துக்கு ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

எங்கே இருக்கிறீர்கள் என்று செவந்தி கேட்கவில்லை.

அவன்தான் மெதுவாகக் கேட்டான்:

"லைட்டு எரியுதா?"

அவள் அசையாமல் நின்றாள். லைட் தானாக அணைந்தது.