தொண்ணூற்றாறு படங்கள்

“அடிப்பாவி! எட்டு மணி நேரத்தைப் பத்து செகண்டுல அடக்கிட்டியே! ஆட்டமில்ல, மினுக்கலில்ல. தேறிட்ட போ!”

ஆபீஸில் பக்கத்து சீட்காரி முதுகில் ஓங்கித் தட்டினாள். விட்டு விட்டு எடுத்த படங்களை வேகமாக ஓட்டிக் காட்டும் டைம்லாப்ஸ் வித்தையைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். சிஷ்யைக்கோ சிரிப்பு வரவில்லை.

“திரும்பப் போடு” என்றாள்.

“எத்தன தரம்டி?”

“போடுன்னா போடேன்.”

ஒரு மாதமாகக் கேமராவோடு மல்லுக்கட்டியிருந்தாள். முதலில் மேகத்தை எடுத்தாள். வெளிச்சத்தைக் கேமராவின் இஷ்டத்துக்கு விட்டதில், வானம் பழுதான டியூப் லைட் மாதிரி மினுக்கியது. அடுத்து ஒரு மொட்டு. பாதியில் பேட்டரி செத்து, மொட்டு மொட்டாகவே நின்றது. மூன்றாவதாக நேற்று, தன் வீட்டுக் கூடம். பாப்பாவுக்கு எட்டாதபடி அலமாரித் தலையில் கேமராவை உட்கார வைத்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம். “இது தானா எடுத்துக்கும், நான் அப்புறம் பாத்துக்கறேன்” என்று ஆயாவிடம் சொல்லி, பட்டனை அழுத்திவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

திரையில் வெயில் இடது சுவரிலிருந்து வலது சுவருக்கு வழுக்கிக்கொண்டு போனது. நடுவில் ஆயா. ஆயாவின் இடுப்பில் பாப்பா.

“பாத்தியா? தொண்ணூத்தாறு படம். ஒண்ணுலயாவது தரையில நிக்கிறாளா?”

“மத்தியானம் படுத்திருக்காளே.”

“அதுவும் அவ மடியில!”

“பொறாமையாடி? பாத்துக்கச் சொல்லி ஆள் வெச்சதே நீதான?”

“பாத்துக்கத்தான் சொன்னேன். பறிச்சுக்கச் சொல்லல.”

பக்கத்து சீட்காரி மறுபடி ஓட்டினாள். படத்துக்குப் படம் பாப்பாவின் வாய் காது வரை போயிருந்தது. ஒரு கையைத் தூக்கித் தூக்கி என்ன ஆட்டம்! பெற்றவளிடம் ஒரு நாளாவது இப்படி ஆடியிருக்கிறதா? இவள் கிளம்பும்போது அது தூங்கும், திரும்பும்போது அழும். நடுவில் இருக்கிற சிரிப்பு முழுவதும் ஊரார் வீட்டுப் பெண்பிள்ளைக்கு. குடும்பத்திலேயே முதல் பட்டம், முதல் வேலை என்று எல்லாரும் மெச்சினார்கள். அதற்கு இதுதான் விலை என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

சாயங்காலம் செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டாள். “நாளையிலேர்ந்து வர வேண்டாம்.”

ஆயா திகைத்துப்போனாள். “நான் என்னம்மா தப்பு பண்ணேன்?”

“நாள் முழுக்க இடுப்புலயே வெச்சிருந்தா, புள்ளைக்குக் கால் எதுக்கு?”

“நாள் முழுக்கவா? என் இடுப்பு தாங்குமாம்மா? பாப்பா ஓட்டமாத்தான் ஓடிட்டிருக்கும். அந்த ஒரு நேரத்துக்கு மட்டும்...”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். அதான் படம் சொல்லுதே.”

ஆயா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். “ஆயாம்மா” என்று பாப்பா கதவைப் பிடித்துக்கொண்டு கத்தியது. அந்த ‘ஆயாம்மா’வில் ஒட்டிக்கொண்டிருந்த ‘அம்மா’ கூட இவளுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் யார் லீவு போடுவது என்ற கேள்வியே வீட்டில் எழவில்லை. எழாத கேள்விக்கெல்லாம் எப்போதும் இவள்தான் பதில். வீட்டுக்காரர் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

காலையில் பாப்பா வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இவள் யானையானாள், குதிரையானாள், கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்டி இடித்தாள். பத்து மணிக்குப் பாப்பா முதல் முறையாகக் கலகலவென்று சிரித்தது.

“அப்படி வா வழிக்கு!”

இதைத்தான் படம் பிடிக்க வேண்டும். நேற்றுப் பார்த்ததை அழித்துவிட்டு, அதே கூடம், அதே வெயில், ஆனால் ஆயா இருந்த ஒவ்வொரு இடத்திலும் தான். பக்கத்து சீட்காரி வாயைப் பிளக்கட்டும். ஸ்டூலில் ஏறி கேமராவை மறுபடி அலமாரித் தலையில் வைத்து முடுக்கினாள். குதித்திறங்கி பாப்பாவை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். வயிற்றில் முகம் புதைத்துக் கிச்சுக்கிச்சு மூட்டினாள். சிரிப்பில் பாப்பாவுக்கு மூச்சு முட்டியது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

அலமாரி மேலிருந்து ‘பீப், பீப்’ என்று சத்தம் வந்தது. கேமராவின் நெற்றியில் சிவப்பு விளக்கு ஒன்று மின்னி மின்னி அணைந்தது. ஒவ்வொரு படத்துக்கும் பத்து வினாடி முன்னால் கூப்பிடுகிற டைமர் அது. கற்றுக்குட்டி, முதல் நாளிலிருந்தே அதை அணைக்காமல் விட்டிருக்கிறாள்.

பாப்பாவின் சிரிப்பு சட்டென்று நின்றது. இவள் கையைத் தட்டிவிட்டு மடியிலிருந்து நழுவி ஓடியது. அலமாரியடியில் நின்றுகொண்டு இரண்டு கையையும் மேலே நீட்டியது.

“தூக்கு! சீக்கிரம் தூக்கு! அம்மாக்கு டாட்டா காட்டணும்!”

“அம்மா இங்கதானடி இருக்கேன்?”

“நீ இல்ல!” பாப்பா பொறுமையில்லாமல் குதித்தது. கேமராவை நோக்கி விரலை நீட்டியது. “ஆபீஸ் அம்மா! லைட்டு வந்தா அதுக்குள்ளேர்ந்து பார்ப்பாங்கன்னு ஆயாம்மா சொன்னாங்க!”