மாதிரி மாணவி

பள்ளிக்கூட இணையதளத்தைப் போன வாரம்தான் டேட்டாபேஸோடு இணைத்திருந்தார் புரோகிராமர். சோதித்துப் பார்த்த மேலாளர் சிடுசிடுத்தார்.

"மாதிரிக்கு ஒரு மாணவியைப் பதிஞ்சிருக்கீங்களே, நேத்து வயசு எட்டுன்னு காட்டுச்சு. இன்னைக்கு ஒன்பதுங்குது. நீங்க எழுதின பைதான் புரோகிராம் மாடல்ல ஏதோ கோளாறு."

"கோளாறு இல்ல மேடம். மாடல்ல பிறந்த தேதியை மட்டும் கொடுத்தா போதும், வயசை அதுவே கணக்குப் போட்டுக்கும். மாதிரிக்குப் போட்டிருக்கிறது என் பொண்ணு பேரு, அவ பிறந்த தேதி. இன்னைக்கு அவ பிறந்தநாள்."

"அடடா! அப்ப இங்க ஏன் உக்காந்திருக்கீங்க? கிளம்புங்க. குழந்தை வாசலையே பாத்துக்கிட்டிருக்கும்."

அவர் எழுந்திருக்கவில்லை. திரையிலிருந்த ஒன்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல மாலை போட்டு மாட்டியிருக்கிற போட்டோவுல அவளுக்கு ஆறு வயசுதான் மேடம். இங்க மட்டுந்தான் வளர்றா."