பழைய அட்டை

“கோட்டுப் பொத்தானை முழுங்கியிருக்கான். இன்னிக்கே ஆபரேஷன் பண்ணணும். சொந்தக்காரர் கையெழுத்து வேணும். நீங்கதானே?” என்று கேட்டார் கால்நடை மருத்துவர்.

“நான்தான் சார்,” என்றாள் தையற்காரி. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்பு நொண்டிக்கொண்டே வந்து அவள் கடையில் படுத்துக்கொண்ட நாய் அது. நேற்று ஓர் ஆள் வாசலில் நின்று, “இது உனக்கு எப்படிக் கிடைச்சுது?” என்று கேட்டதிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை.

மருத்துவர் நாயின் கிழிந்த காதைத் தடவிப் பார்த்தார். அலமாரியிலிருந்து பழைய சிகிச்சை அட்டை ஒன்றை எடுத்தார்.

“இவனை முன்னாடியே ஒருத்தர் இங்க கொண்டுவந்திருக்காரும்மா.”

அவள் நாய்க்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். “திருப்பிக் கொடுக்கச் சொல்லாதீங்க சார். நேத்து அந்த ஆள் குரலைக் கேட்டதுமே மெஷினுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிட்டான்.”

“அப்போ அவர் இவனைப் பார்த்துட்டாரா?”

மருத்துவர் சட்டென்று எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார். அவள் நாயை இறுக அணைத்துக்கொண்டாள். அவர் அட்டையை அவள் பக்கம் திருப்பினார்.

‘கால் உடைந்த நாய் எனக்கு வேண்டாம். ஊசி போட்டு முடித்துவிடச் சம்மதம்’ என்று எழுதி அந்த ஆள் கையெழுத்திட்டிருந்தார். அதன் கீழே, ‘முடிந்தது’ என்று மருத்துவரின் கையெழுத்து.

“எனக்கு மனசு வரலம்மா. கட்டுப் போட்டுப் பின்கதவு வழியா விட்டுட்டேன். அன்னையிலிருந்து வாசல்ல யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் பக்குங்குது.”

அவர் புதிய அட்டையை நீட்டினார்.

அவள் தன் பெயரை எழுதினாள். நாயின் வயது என்ற இடத்தில், ‘மூன்று மாதம்’ என்று எழுதினாள்.

மருத்துவர் திருத்தவில்லை.