ரொக்கசெரேனாவில் கொடியேற்றம்

பஸ் பேசியாகிவிட்டது என்று கெல்லர் அம்மா எழுந்து நின்று அறிவித்தபோது, பேனாட்டின் கையில் சுழன்றுகொண்டிருந்த பீட்சா மாவு அவன் தோளிலேயே வந்து விழுந்தது.

ஜன்னலோர மேசை கைதட்டியது. கெல்லர் அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய கூட்டாளிகளும் ஜெர்மனியின் பான் நகரத்து ஓய்வூதியக்காரர்கள்தான். அத்தனை பேரும் சுற்றுலாப் போகும் பிள்ளைகளாகத் துள்ளினார்கள்.

ஆகஸ்டில் ரொக்கசெரேனா. சாரதிக்குப் பக்கத்து இருக்கை பேனாட்டுக்கு. வழிகாட்டி அவன்தான்.

பேனாட்டின் நெஞ்சு குதித்தது. அடுத்த நொடி, தோளில் கிடந்த மாவை மறந்து பின்சுவரைத் திரும்பிப் பார்த்தான்.

அடுப்புக்குப் பின்சுவர் முழுக்க அந்த ஊரின் படம்தான். இத்தாலியில் ஒரு குன்று, உச்சியில் தேவாலயம், சரிவெல்லாம் ஓட்டு வீடுகள். ஜீனோ கிழவரிடம் கடையை வாங்கியபோது படமும் கதைகளும் சேர்ந்தே வந்தன.

என்ன அருமையான கதைகள்! ஒழுங்கைகள் அவ்வளவு ஒடுக்கமாம், எதிர்வீட்டுக்காரி ஜன்னலால் கைநீட்டிக் குழம்புக்கு உப்புப் பார்ப்பாளாம். குன்றேறி மூச்சிரைத்து வந்த எதிரிப்படைக்கு ஊரார் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சண்டை தொடங்கினார்களாம். தேவாலயச் சுவரில் மாதாவை வரைந்த ஓவியன் ரொட்டி சுட்டு விற்கும் பாண்காரியின் முகத்தை வைத்துவிட்டானாம். பிறகு பாண் வாங்க வந்தவர்களெல்லாம் அவளைக் கண்டதும் சிலுவை போட்டுக்கொண்டார்களாம்.

சென்ற வருடம் உதைபந்தாட்டத்தில் இத்தாலி தங்களைத் தோற்கடித்ததைக்கூட இந்த ஊருக்காகவே மேசைக்காரர்கள் மன்னித்திருந்தார்கள்.

ஜீனோ எதையும் ‘எங்கள் ஊரில்’ என்றுதான் தொடங்குவார். பேனாட்டும் அப்படியே தொடங்கினான். ஜெர்மனிக்கு வருமுன் அவன் அங்கேதான் இருந்தான் என்று மேசை நம்பியது. அவன் மறுக்கவில்லை. கேட்பவர் முகம் மலரும்போது உண்மை எதற்குக் குறுக்கே?

மன்னாரில் புறப்பட்டவன் நேரே ஜெர்மனியின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கினான். இத்தாலியில் அவன் கால் பட்டதே இல்லை.

அதையாவது சமாளிக்கலாம். கொடிதான் வினை.

ஒரு மழைநாளில் வாய் சும்மா இருக்காமல், மாதா திருவிழாவுக்குக் கொடிமரம் நட்டு, வெடி முழங்கக் கொடியேற்றுவார்கள் என்று சொல்லிவிட்டான். மன்னார்க் கோயிலில் நடப்பதை அப்படியே தூக்கிக் குன்றில் வைத்தான். கெல்லர் அம்மா அந்தக் கொடியேற்றத்துக்கென்றே நாள் பார்த்துப் பஸ் பேசியிருக்கிறார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. பேனாட்டின் புளுகு ஆறு வருடம் ஓடியதே பெரிய காரியம். இனி இந்த முகங்களில் எப்படி விழிப்பது?

குசினிக்குள் ஓடி ஜீனோவுக்கு டெலிபோன் எடுத்தான். தக்காளி வெட்டிக்கொண்டிருந்த மனைவி பிளோறன்ஸ் கையை நிறுத்திக் காது கொடுத்தாள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டி, அந்த ஊரில் ஏதாவது ஒரு கொடியாவது ஏறுமா என்று கெஞ்சாக்குறையாகக் கேட்டான்.

கிழவர் இருமி இருமிச் சிரித்தார். பாண்காரி முகம் தன்னுடைய சொந்தச் சரக்கு என்றார். மற்றதெல்லாம் அப்பா சொன்னதாம். அவர் எவ்வளவு சேர்த்தாரோ, யார் கண்டது?

பிறகு குரல் தணிந்தது.

“எனக்கும் ஒரு இடம் வை, பேனாட். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கே ஜெர்மனியில், கொலோனில். அந்த ஊரை நானும் இன்னும் பார்க்கவில்லை.”

பேனாட் டெலிபோனை வைத்துவிட்டு, நம்பமுடியாமல் மனைவியிடம் சொன்னான். வெளியே மேசை இத்தாலிய மொழியில் நன்றி சொல்லிப் பழகிக்கொண்டிருந்தது.

பிளோறன்ஸ் கையைக் கழுவித் துடைத்தாள். மேசை விரிப்புகள் தைக்கும் மெஷினின் உறையைக் கழற்றினாள்.

“கொடி என்ன நிறம் எண்டு சொன்னனீங்கள்?”